ரசமட்டத்துக்கு வந்த சோதனை

"அந்தப் பலகை எவ்வளவு சாயுதோ, புது அலமாரியும் அதே அளவு சாயணும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

தச்சருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"சாயக் கூடாதுன்னு சொல்றீங்களாம்மா?"

"இல்லண்ணே. சாயணும்."

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பேர். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் ஒரு ஆணியைக்கூட முழுசாக இறக்க மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிற ஆள். அவரிடம் போய்க் கோணலாகச் செய் என்றால்?

சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் வீட்டின் நாட்டுப்புறக் களை போய்விடக் கூடாது. அதுதான் பேச்சு. மர உத்தரம், கருங்கல் தரை, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் அப்படியே இருக்கும். மேடையும் தொட்டியும் சுவர் நீளத்துக்கு மர அலமாரியும் புதுசு. அதுவரைக்கும் சரி. அடுப்புக்கு மேலே இருந்த அந்த ஒற்றைப் பலகைதான் வம்பு. இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கி, மேலே வைத்த டப்பாக்களெல்லாம் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு நின்றன.

"அதைக் கழற்றி நேரா மாட்டிடறேன்மா. ஒரு நிமிஷ வேலை."

"ஐயோ, அதைத் தொடவே கூடாது!"

"ஏன்மா?"

"அதுதாண்ணே இந்த வீட்டோட ஸ்டைலே" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பணம் வந்தால் கிறுக்கும் கூடவே வரும் போல என்று நினைத்துக்கொண்டார்.

"மேடையும் சாயட்டுமாம்மா? பால் பொங்கினா ஒரே பக்கமா ஓடும். துடைக்க வசதி."

"மேடை நேராவே இருக்கட்டும். அலமாரி மட்டும்" என்றாள். சிரிக்கக் காணோம்.

அவர் கவலை அவருக்கு. இந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டு வேலை முழுவதையும் தருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ரசமட்டம் செய்த அலமாரி கோணல் என்று ஒரு வாய் சொன்னால் போதாதா? பிழைப்பு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து அவள் மாமனார் உள்ளே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பேனாவைத் தவிர வேறெதையும் பிடிக்காத மனிதர்.

"பலகையைப் பார்த்தீங்களா தம்பி? நான் போட்டது! அளவுகோலையே தொடலை. எல்லாம் கண் மதிப்புதான். எப்படி இருக்கு?"

தச்சர் வாயைத் திறந்தார். மருமகள் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்து ஊரையே கூட்டியது.

"சூப்பரா இருக்கு மாமா! இப்பத்தான் அண்ணன்கூடச் சொல்லிட்டிருந்தார்."

பெரியவர் பூரித்துப்போய்த் திரும்பினார். தலை மறைந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுவார்ணே. பக்கத்துல நேரா ஒண்ணு வந்துட்டா, அவரோடது கோணல்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். மனசு விட்டுடுவார். எல்லாமே கோணலா இருந்தா எதுவுமே கோணல் இல்லையே!"

"நான் வேணா பக்குவமா எடுத்துச் சொல்றேனே?"

"மூச்சு விடக் கூடாது!"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வாஸ்தவம்தான். அதற்காக அடுத்தவன் வயிற்றிலா அடிப்பது? தச்சருக்கு வந்த கோபமெல்லாம் பெரியவர் மேல் திரும்பியது. இந்த வயசில் இவ்வளவு ஜம்பமா? அந்தப் பெண் பாவம், ஆசை ஆசையாய்க் கட்டுகிற சமையலறையை இவருக்காகக் கோணலாக்கப் பார்க்கிறாள்.

மறுநாள் அவள் ஆபீஸுக்குக் கிளம்பியதும், பூனைக்கு மணி கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. புது அலமாரியைக் கோணலாச் செய்யச் சொல்றாங்க உங்க மருமக. பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துட்டுத்தான் அவர் வீட்டு வேலையைத் தர்றதாச் சொல்லியிருக்கார், என் பேரே கெட்டுடும். விஷயம் என்னன்னா... உங்க பலகை..."

"கோணல்" என்றார் பெரியவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டப்பாவெல்லாம் சறுக்கிச் சறுக்கி ஒரே மூலைக்கு வருது. தெரியாம இருக்க நான் என்ன குருடா? மாட்டின அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்குய்யா ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமை அடிச்சுக்கறீங்க?"

பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அவ இந்த வீட்டுக்கு வந்த புதுசு. டப்பா வைக்க இடமில்லை மாமான்னு தயங்கித் தயங்கிச் சொன்னா. சுத்தியலையே பிடிச்சறியாத நான், கட்டை விரலை நசுக்கிக்கிட்டு மாட்டினேன். கோணலாப் போச்சே, கழற்றிடலாம்னு பார்த்தா, 'எவ்வளவு நேரா இருக்கு மாமா'ன்னுட்டா. என் மனசு நோகக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்ன பொய். யாராவது வந்து அவ எதிர்லயே அதைப் போட்டு உடைச்சா அவ முகத்தை எங்கே வச்சுக்குவா? அதான், வர்றவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கறது."

தச்சருக்கு, நேற்று முழுக்க இந்த மனுஷரையா மனசுக்குள் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. கூடவே, பாரமும் இறங்கியது.

"அப்ப கவலையே இல்லைங்கய்யா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! அலமாரியை நேராவே செஞ்சிடறேன்."

பெரியவர் பதறியடித்துக்கொண்டு எழுந்தார்.

"கெடுத்தீங்க போங்க! பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க அவ சொன்ன மாதிரியே செய்ங்க தம்பி. நேரா செஞ்சா நான்தான் சொல்லியிருக்கேன்னு ஊகிச்சிடுவா, இத்தனை வருஷமா அவ பொய்யை நான் நம்பலைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிடுமே!"