நகராத நிழல்

நோயாளிகளை மனிதர்களாகப் பார்க்கப் பழகட்டும் என்று, மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களான எங்களுக்கு மாலையில் ஓவிய வகுப்பு வைத்திருக்கிறார்கள். இன்று எங்கள் முன் உட்கார்ந்தவர் நோயாளிகூட இல்லை. பெண்கள் வார்டில் மனைவிக்குத் துணையாக இருக்கும் தேவசகாயம். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, "நல்லா வரைங்க, அவகிட்ட காட்டணும். என்னை மாப்பிள்ளையா பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நான் எப்போதும்போல நெற்றியில் தொடங்கி மெதுவாகக் கீழே வந்தேன். கழுத்தடியில், இடது காறை எலும்புக்கு மேலே சின்னதாக ஒரு மேடு. நிழலாக இருக்கும் என்று விளக்கை நகர்த்தச் சொன்னேன். மற்ற நிழல்கள் நகர்ந்தன, அது நகரவில்லை. அந்த இடத்தில் கட்டி இருந்தால் வயிற்றுக்குள் புற்றுநோய் இருக்கலாம் என்று போன வாரம்தான் படித்திருந்தேன். என் கண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இருந்தாலும் தெரிந்ததை வரைந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவர் என் படத்தைத்தான் கேட்டார். "மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு" என்று சிரித்தவர், கழுத்துக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, உருண்டையா?"

"நிழல், அண்ணாச்சி."

"அப்ப அழிச்சிரும்மா. அவ பயந்திருவா."

ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். சுத்தமாக அழிந்தது. நிமிர்ந்தபோது அவர் படத்தைப் பார்க்கவில்லை. தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றிருந்தது.