குற்றமற்ற கம்பு

"உங்க கம்போட மகரந்தம் பறந்து போய் பக்கத்துக் கம்பெனி விதை வயலைக் கெடுத்திருச்சுன்னு புகார்" என்றான் மகரந்த ஆய்வாளன். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"பறந்திருக்கும். அஞ்சு தலைமுறையா எங்க குடும்பம் விதைக்கிற கம்பு. மகரந்தத்துக்குச் சட்டத்துல தடை போட்டா, அது பூக்காம இருந்துருமா? வழக்குப் போடு. ஜெயிலுக்கு வாறேன்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மருமகள் பூரணம். என் முழங்கால் பழுதான பிறகு மூன்று வருடமாகக் கம்பங்காட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

ஆய்வாளன் காட்டுக்குப் போய், பூத்த கதிர்களைப் பறித்து வந்து ஒரு கருவிக்குள் வைத்தான். சற்று நேரத்தில் சிரித்தான்.

"புகார் பொய்யி பெரியவரே. உங்க கம்புல மகரந்தப்பை வெறும் கூடு. மகரந்தமே உருவாகாத மாதிரி மரபணுவை மாத்தின ரகம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சான்றிதழை நீட்டினான். நான் பூரணத்தைப் பார்த்தேன்.

"கம்பெனி விதைதான் மாமா. மணி பிடிக்க மகரந்தத்தைப் பாக்கெட்ல வாங்கித் தூவுறேன். இந்த வயசுல உங்களை ஜெயிலுக்கு அனுப்பணுமா?"

"நம்ம விதை எங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "போன வருசம் கோழிக்குப் போட்டுட்டேன்."

சான்றிதழைக் கிழித்து ஆய்வாளன் காலடியில் எறிந்தேன்.

"உன் கருவி பொய் சொல்லுது. அந்த வயலைக் கெடுத்தது எங்க வீட்டுக் கம்புதான். எழுது, கையெழுத்துப் போடுறேன்."

"பெரியவரே, இதுலதான் மகரந்தமே..."

"எழுதுடா!"