உதவி என்று எழுதவேண்டாம்

"அம்மா, முதலாளி நல்லவரோ, கூடாதவரோ?"

மகள் ஒருநாள் கேட்டாள். சிவமணி அப்போது இடது கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இழுத்திருந்தது.

அவள் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தாள்.

இப்போது தொழில் திணைக்களக் கந்தோரில், அந்த முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இரத்தினசிங்கம். வெள்ளவத்தையில் பேர்போன சைவக்கடைக்காரர். நெற்றியில் திருநீறு. காலையில் அவளும் அதே கோயில் திருநீற்றைத்தான் பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

நடுவில், தொழிலாளர் நட்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி. அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தாஸிம்.

கடைக் குசினியில் தான் வடை பொரிக்கிற அடுப்பின் கால் ஆடுகிறது என்று சிவமணி இரண்டு தரம் சொன்னாள். முதலாளி கம்பியால் கட்டச் சொன்னார். நல்ல மனிதர்களும் ஆடுகிற அடுப்பைக் கம்பியால் கட்டிவிட்டுக் கடவுளை நம்புவதுண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பி அறுந்தது. கொதியெண்ணெய் அவள்மேல் சரிந்தது. சேலையில் நெருப்புப் பற்றியது.

முதலாளி காசு தர மறுக்கவில்லை. அவள் கேட்டதை முழுவதும் தருகிறேன் என்றார். அவருடைய வக்கீல் எழுதிக்கொண்டு வந்த கடுதாசியில்தான் பிரச்சினை. விபத்து ஊழியரின் கவனக்குறைவால் நடந்தது, முதலாளி இரக்கப்பட்டு உதவி செய்கிறார் என்று அதில் இருந்தது.

"பிறகென்ன பிள்ளை?" என்றார் வக்கீல். "நாடு கிடக்கிற கிடையிலை, எங்கட ஆக்களை எங்கட ஆக்களே கந்தோரிலை கொண்டுவந்து நிப்பாட்டுறதோ?"

"அந்த அடுப்பு, எங்கட ஆளெண்டு பாத்தே சரிஞ்சது, ஐயா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார். நட்டஈடு வேண்டும் என்றாள் சிவமணி. அடுப்பு பழுது, சொல்லியும் திருத்தவில்லை என்று எழுத வேண்டும். அந்தக் குசினியில் இன்னும் பெண்கள் நிற்கிறார்கள். கம்பி கட்டிய அடுப்பு இன்னொன்றும் இருக்கிறது. உதவி என்று எழுதினால் அதை ஒருவரும் திருத்தமாட்டார்கள்.

தாஸிம் இளகிய மனதுக்காரர். இரண்டு பக்கமும் கோபமில்லாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைப்பவர். அவர் சிங்களத்தில் நீளமாக, மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது நட்டஈடு என்ற சொல்லை விட்டுவிட்டு, 'ஆதார' என்றார். சிங்களத்தில் அதற்கு உதவி என்று பொருள்.

சிவமணி கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி வாங்கிப் படித்த சிங்களம் அந்த ஒரு சொல்லுக்குப் போதும்.

"ஆதார நெமெய், மாத்தயா," என்றாள், நேரே அதிகாரியைப் பார்த்து. உதவி இல்லை. "வந்தி." நட்டஈடு.

தாஸிமின் முகம் சிவந்தது. அவள் பக்கம் குனிந்தார்.

"சொல்லுதானே வேற தங்கச்சி, சல்லி ஒண்டுதானே. சண்டை வாணாம் எண்டுதான் நான்..."

"இது சண்டை இல்லை, தாஸிம் நானா. சொல் பிழை."

சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டாள். வெளியே போகும்போதெல்லாம் மூடி வைத்த கையைத் தூக்கி, வக்கீலின் கடுதாசிமேல் வைத்தாள்.

"இது என்ரை கவனக்குறைவெண்டால், கம்பி கட்டச் சொன்னது ஆரின்ரை கவனம்?"

தாஸிம் இந்த முறை அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சிங்களத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். அடுப்பைப் பற்றி இவள் சொன்னாளா?

வக்கீல் இருமினார். முதலாளி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஓம், சொன்னவ," என்றார். தமிழில்தான் சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

புதிதாக எழுதினார்கள். அடுப்பு பழுது. நட்டஈடு. முதலாளிக்காக வக்கீல் கையொப்பமிட்டார். இருவரும் அவளைப் பார்க்காமல் வெளியே போனார்கள்.

சிவமணி எழும்பவில்லை.

"இன்னும் என்ன தங்கச்சி?" என்றார் தாஸிம்.

"இன்னொண்டும் எழுத வேணும். நெருப்புப் பிடிச்ச என்னை வெளியிலை இழுத்தது முதலாளி. வெறுங்கையாலை. அவரின்ரை ரண்டு உள்ளங்கையும் எரிஞ்சது அதிலைதான் எண்டு எழுதுங்கோ. அவருக்கும் ஒரு பிரதி போகவேணும்."

"இது உங்கட கேஸுக்குத் தேவையில்லையே?"

"எனக்குத் தேவையில்லைத்தான்."

கடைக்கு முன்னால் போகும் காலி வீதியின் சோதனைச்சாவடியில் கைகளை விரிக்கச் சொல்வார்கள். உள்ளங்கை எரிந்த தமிழன் குண்டு செய்கிறவன் என்று போன மாதம் முதலாளியை ஒரு பகல் முழுவதும் பொலிஸில் இருத்தி வைத்திருந்தார்கள். குசினிப் பெண்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்கவில்லை. அடுப்பு சரிந்ததை ஒத்துக்கொள்ளாமல், கை எரிந்ததற்கு அவர் எங்கே போய் எழுத்து வாங்குவது?

அதிகாரி எழுதி முடித்து, முத்திரை குத்தும் வரை சிவமணி காத்திருந்தாள்.

கீழே வாசலில் முதலாளியின் கார் இன்னும் நின்றது. அவள் பின்படியால் இறங்கி, கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடித்தாள்.