இருபத்தைந்து மீட்டர்

அப்பாதுரையை முதலில் அவமானப்படுத்தியது டிராபிக் எஸ்.ஐ. மஞ்சுநாத்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஸ்ரீராம்புரம் ஆட்டோ ஸ்டாண்டில், பட்டப்பகலில், சவாரி ஏறி உட்கார்ந்த பிறகு நடந்தது அது.

"ஏன் அஜ்ஜா, இவ்ளோ தடியா கண்ணாடி போட்டுக்கிட்டு ஆட்டோ ஓட்டறியா? கண்ணாடி போட்டவங்க எல்லோ போர்டு வாடகை வண்டி ஓட்டக் கூடாது. ரூல்ஸ் தெரியாதா?"

பின்சீட்டில் இருந்த மௌரீன் டீச்சர் அதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அடுத்த ஆட்டோவில் ஏறிவிட்டார்.

கன்னடத்தில் தாத்தா என்று கூப்பிட்டதைக்கூட அப்பாதுரை பொறுத்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காகத் தன் வண்டியைத் தவிர வேறு வண்டி ஏறாத டீச்சர் இறங்கிப் போனதை எப்படிப் பொறுப்பது?

அன்றிலிருந்து, எஸ்.ஐ. டீ குடிக்கும் கடையில் இவர் டீ குடிப்பதை நிறுத்தினார். எஸ்.ஐ. எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் விக்கியிடம் போய் விசாரித்தார்.

"எவன் அண்ணா சொன்னது? கண்ணாடி போட்டுக்கிட்டு தாராளமா ஓட்டலாம். நல்ல வெளிச்சத்துல, இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி நிக்கிற வண்டி நம்பரைப் படிக்க முடியணும். கண்ணாடியோட படிச்சாலும் சரிதான்."

போதாதா? மறுநாளே ஸ்டாண்டில் எஸ்.ஐ.யின் பைக்குக்குக் குறுக்கே போய் நின்றார் அப்பாதுரை.

"சார், ஒரு ஸாரி சொல்லிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"கண்ணாடி போட்டவன் ஓட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு. அப்படி ரூலே கிடையாது. இருபத்தஞ்சு மீட்டர்ல நம்பர் படிச்சாப் போதும். தெரியலைன்னா நாலு பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அடுத்தவன் பொழப்புல கை வையுங்க."

"விடுங்க மாமா," என்று அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் பையன் சுனில் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீ பயந்தாங்கொள்ளி. ஓரமா நில்லுடா."

மஞ்சுநாத்தின் முகம் சிவந்தது. "ஓஹோ! அப்ப படி பார்க்கலாம். அதோ, கடைசியில நிக்குதே ஆட்டோ, அந்த நம்பர். தப்பாச் சொன்னா வண்டிச் சாவி என் கையில."

அப்பாதுரை கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"கே.ஏ. ஜீரோ டூ... நாப்பத்தேழு பதினொண்ணு!"

மஞ்சுநாத் சுனிலைக் கூட்டிக்கொண்டு அந்த ஆட்டோவரை நடந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, அங்கிருந்தே கத்தினார்.

"கரெக்ட்!"

விசில் பறந்தது. யாரோ அப்பாதுரையைத் தூக்கியே விட்டார்கள்.

"ஸாரி எங்க சார்?"

"ஆயித்து, ஆயித்து," என்று கன்னடத்தில் 'ஆச்சு, ஆச்சு' சொல்லி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார் எஸ்.ஐ.

"பார்த்தியாடா சுனில்! தோத்துட்டு ஓடறான். வாயிலேர்ந்து ஒரு ஸாரி வரலை பாரு."

சுனில் அவரை அந்த ஆட்டோவிடம் அழைத்துப் போனான். கிட்டே போகப் போக நம்பர் வேறாக மாறியது.

"இது ஸ்ரீகண்டன் வண்டி மாமா. தினமும் இங்க நிக்கிற என் வண்டி காலையிலேயே மெக்கானிக்கிட்ட போயிடுச்சு. நீங்க சொன்னது என் வண்டி நம்பர்."

அப்பாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "சத்தியமா பார்த்தேண்டா. எழுத்து எழுத்தாத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சிருக்கும் மாமா. மனப்பாடம் ஆயிடுச்சு இல்ல?"

"அப்ப அவன் ஏன் கரெக்ட்னான்? அவனுக்கும் கண்ணு அவுட்டா?"

"நல்லாத்தான் பார்த்தாரு. என் காதுல சொன்னாரு, 'அன்னைக்கு எல்லார் எதிரிலயும் அவர் மானத்தை வாங்கிட்டேன். இன்னொரு தடவை வேண்டாம். இன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணாடி மாத்தற வரைக்கும் வண்டியைத் தொட விடாதே'ன்னு."

அப்பாதுரை அந்த நம்பரை இன்னொரு தடவை கிட்டேயிருந்து படித்தார். பிறகு சாவியை எடுத்து சுனில் கையில் வைத்தார். தன் வண்டியின் பின்சீட்டில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு விடு."

வண்டி நகர்ந்ததும் முன்னால் குனிந்தார்.

"ஏண்டா, காதுல சொன்னாரே, அன்னைக்குச் சொன்ன ரூல் தப்புன்னு ஒத்துக்கிட்டாரா?"

"அதைச் சொல்லலையே மாமா."

"பாரு! கண்ணு தப்பு என்னுது, ஒத்துக்கறேன். ரூல் தப்பு அவருதுதானே? புதுக் கண்ணாடி மாட்டிக்கிட்டு முதல்ல அவர்கிட்டதான் போறேன். அந்த ஸாரி இன்னும் பாக்கி!"