நிற்கத் தெரிந்த வண்டி

“வண்டியை நிறுத்தச் சொல்லுங்க மாமா. எங்க ஊரு எல்லையிலருந்து நான் நடக்கோணுமுங்க.”

பாவாயி மறுபடியும் சொன்னாள். முன் சீட்டில் இருந்த மாமனார் அர்த்தனாரி திரும்பவில்லை.

“மலையில நடந்துக்கோ. அங்க கார் ஏறாது. ரோட்டுல நடக்கக் கூடாது.”

“உப்பிலியபுரத்து எல்லைக் கல்லுலருந்து சாமி காலடி வரைக்கும்னு வேண்டியிருக்கறனுங்க.”

“என்னைக் கேட்டா வேண்டுனே? நேத்துப் பங்காளிங்க அத்தனை பேரு முன்னால சொல்லிப்போட்டேன். எம் மருமக கார்லதான் போவா. சொன்னது சொன்னதுதான்.”

அவர் சொன்ன சொல்லை மாற்றியதாக ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

உப்பிலியபுரம் பாவாயி பிறந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் கொல்லிமலைக்குக் கிளம்பினால் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் நடப்பார்கள். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவள் புருஷன் சுப்பையன் அங்கே இருந்தான். கப்பலில் இடமில்லை, காட்டு வழியே நடந்து வருகிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் நடந்து வந்து சேரட்டும், நானும் நடந்து வருகிறேன் என்று கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டாள். அவன் வந்துவிட்டான். ஆனால் பாதத்துப் புண் ஆறவில்லை. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. வேண்டுதல் பாக்கி இருக்கும்வரை அது ஆறாது என்று பாவாயி நம்பினாள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், அந்தப் பழைய காரின் முதுகில் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கரிப் புகையில்தான் ஓட்டம். பாதி நாள் ஓடாது. அன்று பார்த்து, நாமக்கல்லிலிருந்து ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கரி மூட்டை திருட்டுப் போகும் என்று அர்த்தனாரி அதைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுப்பைக் கிளறுவதற்காக டிரைவர் சின்னுசாமி உப்பிலியபுரத்துக் காப்பிக் கடை முன்னால் நிறுத்தினான்.

“ஐயாவுக்கு ஒரு காப்பி?”

“விரதம்டா. சாமியைப் பாக்கற வரைக்கும் பல்லுல பச்சைத் தண்ணி படாது. நீ போய்க் குடி.”

கிணற்றடியில் பாவாயி மாமனாரின் கூஜாவை நிரப்பினாள். முகம் கழுவ வந்த சின்னுசாமி, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தான்.

“அழுவாதீங்க அம்மணி. ஓடறதுக்குத்தான் இந்த வண்டியை நம்ப முடியாது. நிக்கறதுக்கு நம்பலாமுங்க.”

அவன் காப்பி குடித்துவிட்டு வந்ததும், அர்த்தனாரி கரியைத் தானே தகரத்தில் அள்ளிக் கொடுத்தார்.

“நீ அள்ளினா பாதி கீழ போகும். நல்லா ரொப்பு. வழியில நிக்கப்படாது.”

வண்டி கிளம்பியது. தெருக்கோடியில் எல்லைக் கல் தெரிந்தது. பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி இருமியது. ஒரு குலுக்கல். கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

“ஏண்டா?” என்றார் அர்த்தனாரி.

“பொகை வெள்ளையா வருதுங்க. கரி ஈரமாட்ட இருக்குது.”

பாவாயி இறங்கிக்கொண்டாள். சின்னுசாமி அடுப்பின் விசிறியை வேர்க்க வேர்க்கச் சுற்றினான். இன்ஜின் முனகியது. அவள் ஏறுவதற்குக் காலை வைத்ததும் செத்தது.

“பாரம் இழுக்காதுங்க ஐயா.”

“அப்ப போறவன் வாரவன் பாக்க இவ இங்கயே நிக்கட்டுமா? ஏ புள்ளே, முன்னால போ. ஆராச்சும் கேட்டா வண்டி ரிப்பேருன்னு சொல்லு. நடக்கறேன்னு சொல்லாத.”

பாவாயி கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். நடந்தாள்.

கார் கட்டை வண்டி வேகத்தில் அவள் பின்னால் ஊர்ந்து வந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏனுங்க அம்மணி, காரு உங்களைக் கூட்டிட்டுப் போகுதா, நீங்க காரைக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“ரிப்பேரு!” என்று கத்தினார் அர்த்தனாரி.

பாதி வழியில் இன்ஜின் திடீரென்று சீராக ஓடியது. பாவாயி நடையை எட்டிப் போட்டாள்.

“நிறுத்துடா. அடுப்பை ரொப்பிக்க,” என்றார் மாமனார். “ஏ புள்ளே, சும்மா நிக்காத. வாய்க்கால்ல கூஜாவை ரொப்பிக்கிட்டு வா.”

ரொப்பிக்கொண்டு வந்து கொடுத்தாள். கரி போட்டார்கள். மறுபடி வெள்ளைப் புகை. மறுபடி ஊர்தல். அவள் சின்னுசாமியைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். அவன் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மலையடிவாரத்துப் புளியஞ்சோலையில் ஓடைத் தண்ணீரில் காலை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. காலில் கொப்புளம். மனசில் பாரம் இல்லை. எதிரே மலை. இனி எல்லோருக்கும் நடைதான். கட்டிலில் கிடப்பவரும் எழுந்து நடப்பார்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னுசாமியிடம் போனாள்.

“அண்ணா, இந்த உதவியை உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டனுங்க.”

“என்ன உதவிங்க?”

“கரியில தண்ணி ஊத்துனது நீங்கதானே?”

“நானா? நல்லாச் சொன்னீங்க! மூட்டைக்குக் கிட்டவே ஐயா என்னை உடலீங்களே.”

பாவாயி திரும்பினாள். அர்த்தனாரி கூஜாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இதை வண்டிக்குள்ள வெச்சிரு கண்ணு. இனி வேண்டியதில்ல.”

காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவரின் கூஜாவை அவள் வாங்கினாள். காலியாக இருந்தது.