சொந்தப் பிள்ளை

"முக்கால் லிட்டர் பால். ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிக்கணும். ஆளுக்கு எவ்வளவு? நோட்டுல போட்டுப் பாருங்க."

கேட்டுவிட்டு அவள் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

ஏழாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள்.

அவளுடைய வகுப்பில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. தப்பான விடைக்குச் சிரிக்கக் கூடாது. எழுந்து நின்றாலே ஒரு கைதட்டல் உண்டு. விடை சரியா தப்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படித்தான் ஜெபஸ்டின் பேச ஆரம்பித்தான். திக்குவாய். போன வருடம் முழுக்க வாயே திறக்காதவன். அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை அவள் காத்திருப்பாள். பாதி பீரியட் போனாலும்.

நோட்டில் மதிப்பெண் போடமாட்டாள். ஒரு வரி எழுதுவாள். 'இந்த இடத்தை நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய்.' 'தப்பை அழிக்காமல் வைத்திருக்கிறாய், நல்லது.' பிள்ளைகள் அதை வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

கைகள் உயர்ந்தன.

மூன்றாவது பெஞ்சில் சிந்துஜாவின் கை மட்டும் நோட்டின் மேலேயே இருந்தது.

சிந்துஜா அவளுடைய மகள்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், கேட்டருகே ஒரு பிள்ளையின் தாய் சொன்னாள். "அம்மாவே டீச்சரு. பெறவென்ன, மொத ரேங்க் அங்கதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து வகுப்பில் அவள் சிந்துஜாவிடம் கேள்வி கேட்டதில்லை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் முன்னால் உயர்வது அந்தக் கைதான். அவள் பார்வை அதைத் தாண்டிப் போய்விடும்.

அந்தக் கை உயர்வது எப்போது நின்றது?

ஆகஸ்டிலா? காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகா?

அவளுக்கு நினைவில்லை.

"சிந்துஜா."

வகுப்பே திரும்பியது. சிந்துஜாவும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தெரியல டீச்சர்."

"பரவாயில்ல. மெதுவா யோசி."

"தெரியல டீச்சர்."

உட்கார்ந்துவிட்டாள்.

மாலை. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். திருத்த வேண்டிய நோட்டுகளில் பத்தாவதோ பதினொன்றாவதோ சிந்துஜாவுடையது.

முக்காலில் பாதி, எட்டில் மூன்று.

அதன் கீழே இன்னொரு வழி. எழுநூற்றைம்பது மில்லி. பாதி, முந்நூற்று எழுபத்தைந்து. இரண்டும் ஒன்றுதான் என்று சரிபார்த்து, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள்.

அவள் பின்பக்கமாகப் புரட்டினாள்.

ஒரு டிக். கையெழுத்து. தேதி.

ஒரு டிக். கையெழுத்து. தேதி.

ஐந்து மாதம். ஒரு வரிகூட இல்லை.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு யோசிக்காமல் வருகிற வரி வரவில்லை.

நிமிர்ந்தபோது, புத்தகப்பையை மாட்டியபடி சிந்துஜா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"ஏம்மா தெரியலன்னு சொன்ன? இவ்வளவு அழகாப் போட்டிருக்கியே."

சிந்துஜா பையின் வாரைத் திருகினாள்.

"நீங்க மறந்துபோய்க் கூப்பிட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

"இங்க வா. அம்மாகிட்ட வா."

சிந்துஜா வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒருமுறை. அந்தப் பக்கம் ஒருமுறை.

யாரும் இல்லை.

"பஸ் போயிரும் டீச்சர்," என்றாள்.