யாருக்கு யார் ஆகாது

"ஏந்தம்பி, யாரு யாரோட பேச மாட்டாங்கன்னு இந்தப் பொட்டிக்குத் தெரியுமா, தெரியாதா?"

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள் மாயக்காள். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் எழுபது பெண்களுக்கு அவள்தான் கங்காணி.

ராஜாராம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "இன்னைக்கும் சண்டையாக்கா?"

"சண்டையாவா? ஓரகத்திக மருதாயியையும் முனியாயியையும் ஒரே ஜீப்புல போட்டிருக்கு உன் பொட்டி. மலையடிவாரத்து முந்தலைக்கூடத் தாண்டல, ஒருத்தி முடிய ஒருத்தி பிடிச்சுக்கிட்டாளுக. டிரைவரு சுருளி வண்டியத் திருப்பிக் கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்."

மூன்று நாளாக இதே கதைதான். ராஜாராமுக்குப் பயம் வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் எட்டு வருடம் புகை குடித்தவன் அவன். டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்த ஒரே காரணத்துக்காக, முதலாளி ஒச்சப்பன் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதன் முன்னால் உட்காரவைத்தார். 1988இல் அந்தத் தெருவிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். முதலாளி வீட்டில்கூடக் கிடையாது. சும்மா இருந்திருக்கலாம். "எந்தப் பொம்பள எந்த ஜீப்புன்னு பொட்டியே பிரிச்சுக் குடுத்துரும் மொதலாளி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

நேற்று ஒச்சப்பன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "திங்கக்கெழமையும் சண்டைன்னு சேதி வந்துச்சுன்னு வையி, பொட்டி மதுரைக்கு, நீ ஸ்டோருக்கு."

"அக்கா, நீதான் என்னையக் காப்பாத்தணும்" என்று குரலைத் தாழ்த்தினான் ராஜாராம். "மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். புரோகிராம் எழுதுனவரு இதுக்குன்னே ஒரு வெத்துப் பட்டியலு விட்டு வச்சிருக்காராம். யாருக்கு யாரு ஆகாதுன்னு நம்மளே பேரப் போட்டுக்கிறலாம். புரோகிராமு படிக்கணும்னு இல்ல. மிச்சத்தப் பொட்டி பாத்துக்கிருமாம்."

மாயக்காள் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தாள்.

"அப்ப நான் சொன்னாப் பொட்டி கேக்கும்?"

"கேக்கும்."

"பொட்டி சொன்னா மொதலாளி கேப்பாரு?"

"அதுலென்ன சந்தேகம்?"

மாயக்காள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எழுது. மருதாயிக்கு முனியாயி ஆகாது. ஜக்கம்மாளுக்கு மூக்கம்மா ஆகாது, சேவக்கோழித் தகராறு. சந்திரவல்லிக்கு இவங்க நாலு பேருமே ஆகாது."

"நாலு பேருமா?"

"கொழாயடியில வந்து பாரு, தெரியும்."

ராஜாராம் தட்டினான். ஊரில் இத்தனை பகை இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சீட்டுப் பிடித்த பகை, பெண் கொடுக்காத பகை, கொடுத்த பகை, கிடாவெட்டில் கறி குறைந்த பகை. இருபது பேர் ஆனதும் மாயக்காள் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொல்லுது?"

"அஞ்சு ஜீப்புலயும் பிரிச்சுப் போட்டுருச்சுக்கா! சண்டையே வராது."

மாயக்காள் தாடையைத் தடவினாள். "அட, பொன்னுமணிய மறந்துட்டேன் பாரு. அவளுக்கும் மருதாயிக்கும் ஆகாது. ஜக்கம்மாளுக்கும் ஆகாது. எழுது, எழுது."

இப்படி நாலு தடவை மறந்து நாலு தடவை ஞாபகப்படுத்திக்கொண்டாள். கடைசியில், "என்னையவும் போடு. எனக்கும் பொன்னுமணிக்கும் ஆகாது" என்றாள். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு அஞ்சு ஜீப்பில் அடங்காது, ஆறு வேண்டும் என்று காட்டியது.

ராஜாராம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "போச்சுக்கா! ஆறாவது ஜீப்புக்கு மொதலாளிகிட்ட யாரு கேக்குறது?"

"நீயும் கேக்காத, நானும் கேக்கல. அந்தக் காகிதத்த மட்டும் கொண்டு போயிக் குடு" என்றாள் மாயக்காள். எழுந்து போகும்போது ஏ.சி.க்கு முன்னால் முகத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டுத்தான் போனாள்.

ராஜாராம் அதை முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினான். ஒச்சப்பன் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று ராஜாராம் கண்ணை மூடிக்கொண்டான்.

"மனுசப்பய கேட்டா நூறு காரணம் வச்சிருப்பான். பொட்டி எதுக்குப்பா பொய் சொல்லப் போகுது? ஜீப்புக்கார வீரையாகிட்டச் சொல்லி இன்னொரு ஜீப்பு பிடி."

திங்கட்கிழமை விடிகாலை. ராஜாராமே ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றான். ஆறு ஜீப்பு, எழுபது பேர். ஒரு முணுமுணுப்பு இல்லை. புல்லட்டில் வந்து பார்த்த ஒச்சப்பன், "பொட்டி இருக்கட்டும்ப்பா. நீயும் இரு" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். ராஜாராமுக்கு அங்கேயே கும்பிட்டு விழலாம் போல் இருந்தது.

அப்போதுதான் ஆறாவது ஜீப்பைக் கவனித்தான். பகீரென்றது. மருதாயியும் முனியாயியும் பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியில் கை விட்டுப் பழையது தின்றுகொண்டிருந்தார்கள். எதிரே சந்திரவல்லி, ஜக்கம்மாளின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, நீங்கள்லாம் வேற வேற ஜீப்பு! வெரசா எறங்குங்க, மொதலாளி பாத்தாருன்னா என் சோலி முடிஞ்சுது. மறுபடி முடியப் பிடிச்சுக்கிறப் போறீங்க!"

"எங்களுக்குள்ள என்னண்ணே சண்டை? முடியப் பிடிக்கச் சொன்னதே மாயக்காதான்" என்று சிரித்தாள் மருதாயி. "மடி மேல மடி உக்காந்து போறோம், இன்னொரு ஜீப்பு விடுங்கன்னு அஞ்சு வருசமா நாங்க கேட்டோம், மொதலாளி காதுல விழல. பொட்டி கேட்டதும் விட்டுட்டாருல்ல!"